வனேடியமா, செம்பா, இரும்பா? புகைக்குழாய்க்குள் எதை வைப்பது

நாமக்கல்லில் டீசல் இன்ஜின் சர்வீஸ் பட்டறை வைத்து 18 வருஷம் ஆகிறது. முதல் பாதியில் வந்தவர்கள் எல்லாம் பம்ப், நாசில், டர்போ என்றுதான் கேட்டார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சைலன்ஸர் பெட்டிக்குள் இருக்கும் சாமானைப் பற்றித்தான் கவலை. போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முதல் ஆள் முட்டை லாரிக்காரர். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி. "ஏனுங்கண்ணா, எஸ்சிஆர் பெட்டி போயிருச்சுங்கறாங்க. உள்ள இருக்கற வனேடியம் பழசாம், செம்பு போட்டதுதான் இப்ப வருதாம். அதையே மாட்டிப்போடலாமுங்களா?" எஸ்சிஆர் என்பது, புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடை யூரியாவைக் கொண்டு குறைக்கும் பெட்டி. அடுத்தவர் திருச்செங்கோட்டு ரிக் முதலாளி. ஆப்பிரிக்காவுக்கு ஒரு போர்வெல் ரிக் அனுப்புகிறார். அங்கே ஒரு சுரங்க வேலைக்கான டெண்டரில், கம்ப்ரசர் இன்ஜின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவி இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதாம். மூன்றாமவர் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். புது ஜெனரேட்டர் வாங்க வேண்டும், டீசலா கேஸா என்று கேட்டார். கூடவே பெருந்துறையில் பங்காளி ஒருவருடைய சாயப்பட்டறை பாய்லருக்கும் சேர்த்து ஒரு வழி சொல்லச் சொன்னார்.

மூன்று பேரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தார்கள்: "எது பெஸ்ட்டுங்க?" நான் திருப்பிக் கேட்டதும் ஒரே கேள்வி: "உங்க புகை எத்தனை டிகிரிங்க?" ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தப் பெட்டி செய்யும் வேலை

நைட்ரஜன் ஆக்சைடு டீசலில் இருந்து வருவதில்லை. சிலிண்டருக்குள் சூடு மிகும்போது, நாம் மூச்சுவிடும் அதே காற்றில் இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கின்றன. அதனால் டீசலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் இது வந்துகொண்டுதான் இருக்கும். பெட்ரோல் வண்டியின் கேட்டலிஸ்டை (வினையூக்கியை) டீசலுக்கு மாட்டியும் பயனில்லை. டீசல் புகையில் எரியாத ஆக்சிஜன் ஏராளமாக மிஞ்சுகிறது. ஆக்சைடைப் பிரிக்க வேண்டிய கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து போய்விடும்.

அதற்குத்தான் யூரியா. 32.5 சதவீத யூரியா கரைசலைச் சூடான புகைக்குள் பீய்ச்சினால் அது அம்மோனியாவாகப் பிரிகிறது. கேட்டலிஸ்டின் மேல் அம்மோனியாவும் நைட்ரிக் ஆக்சைடும் சந்தித்து, சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியேறுகின்றன. அமெரிக்காவில் 1957-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1970-களில் ஜப்பான்காரர்கள் வனேடியம், டைட்டானியம் ஆக்சைடுகளை வைத்து மின் நிலையங்களுக்கு ஏற்ற மாதிரி செய்துகொண்டார்கள். நம் லாரிக்கு வந்தது வெகு காலம் கழித்து.

சட்டம் எவ்வளவு இறுக்கியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. பிஎஸ் 4 கனரக இன்ஜினுக்கு ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை விட்டார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6-ல் அது 0.46 கிராம். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஜெனரேட்டருக்கு 2023 ஜூலை 1 முதல் சிபிசிபி 4 பிளஸ், அதாவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதி. 56 கிலோவாட்டுக்கு மேல் 560 வரை உள்ள இன்ஜினுக்கு 0.40 கிராம்தான். இந்த அளவைக் கேட்டலிஸ்ட் இல்லாமல் டீசலில் எட்டுவது கஷ்டம்.

எதை வைத்து எடை போடுவது

விலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கிற வரிசை இது.

முதலாவது, கேட்டலிஸ்ட் வாயில் புகை வழக்கமாக எத்தனை டிகிரியில் நுழைகிறது என்பது. நோட்டீஸில் "95 சதவீதம் குறைக்கும்" என்று போட்டிருப்பார்கள். எந்தச் சூட்டில் என்று பொடி எழுத்தில்கூட இருக்காது. 200 டிகிரிக்குக் கீழே எந்த வண்டியின் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் யூரியாவே விடாது.

இரண்டாவது, உச்சச் சூடு. முன்னால் டிபிஎஃப், அதாவது கரியைப் பிடிக்கும் வடிகட்டி, இருந்தால் கரியை எரிக்கும் நேரத்தில் 600 டிகிரியை ஒட்டிப் போகும். அந்த அரை மணி நேரத்தைத் தாங்காத சாமான் அங்கே இருக்கக் கூடாது.

மூன்றாவது, கந்தகமும் சாம்பலும். பிஎஸ் 4 டீசலில் கந்தகம் 50 பிபிஎம், பிஎஸ் 6-ல் 10. இருகூர், கரூர் டெர்மினலில் இருந்து வரும் டீசலைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. வழியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றும் பயோடீசலைப் பற்றித்தான் கவலை. அதில் தங்கியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் கேட்டலிஸ்டுக்கு விஷம்.

நான்காவது யூரியா. அதைத் தனியாகவே சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

வனேடியம்

தேன்கூடு போலத் துளையிட்ட டைட்டானியம் ஆக்சைடு கட்டியின் மேல் வனேடியம் ஆக்சைடும் டங்ஸ்டன் ஆக்சைடும் ஏற்றியது. மின் நிலையம், கப்பல், பிஎஸ் 4 லாரி என்று பழகிய கை. 300 முதல் 450 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும். விலை குறைவு. கந்தகத்தைக் கண்டு பயப்படாது. இவ்வளவு நல்ல குணத்தோடு ஏன் பிஎஸ் 6-ல் இதை ஓரம் கட்டினார்கள்?

சூடுதான் காரணம். 550 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து போனால் டைட்டானியத்தின் படிக அமைப்பு மாறி மேற்பரப்பு சுருங்கத் தொடங்கும். இன்னும் ஏறினால் வனேடியமே ஆவியாகப் புகையோடு போய்விடும். அது நச்சுப் பொருள், ஊர்க்காற்றில் கலக்க விடக் கூடாது. டிபிஎஃப் உள்ள வண்டியில் அதற்குப் பின்னால் இதை வைப்பது, அடுப்பு மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவது மாதிரி. "பிஎஸ் 6 வண்டிக்கு மலிவாகப் பழைய டைப் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. குளிர்ந்த ஓட்டத்தில் இது தூங்கிவிடும், ஆனால் யூரியா செலவு நிற்காது. கந்தகம் நிறைய உள்ள எரிபொருளில் புகைச்சூடு 300-க்குக் கீழே நின்றால் அம்மோனியம் பைசல்பேட் என்ற பிசுக்கு படிந்து துளையை அடைக்கும். கந்தகம் பழுதாக்காது என்பதை, எந்தச் சூட்டிலும் பழுதாக்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தீர்ந்து போன தேன்கூட்டைக் குப்பையில் வீசவும் முடியாது, அபாயக் கழிவாக முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

செம்பு ஜியோலைட்

ஜியோலைட் என்பது நுண்ணிய துளைகள் கொண்ட அலுமினிய சிலிக்கேட். கூண்டு மாதிரி இருக்கும் அந்தத் துளைக்குள் செம்பு அயனிகளை உட்கார வைத்தது இந்த வகை. 2010 வாக்கில் அமெரிக்க லாரிகளில் பரவலாக வந்தது. பிஎஸ் 6 காலத்தில் நம்மிடமும் செம்புக்குத்தான் மரியாதை.

200 டிகிரியை ஒட்டியே வேலையை ஆரம்பித்துவிடும். டிபிஎஃப் எரிப்பை வருஷக்கணக்கில் தாங்கும், 750 டிகிரி வரை கூண்டு இடிவதில்லை. நின்று நின்று போகும் வண்டிக்கு, அதாவது சந்தைக்குள் நுழைந்து நாலு கடைக்கு ஓர் இறக்கம் என்று ஓடுகிறவர்களுக்கு, இதைவிட நல்லது தற்போது கடையில் இல்லை.

இதன் சுபாவம் ஒன்று புரிய வேண்டும். செம்பு ஜியோலைட் அம்மோனியாவை நிறையத் தன்னுள் சேர்த்து வைத்துக்கொள்ளும். சூடு திடீரென்று ஏறினால் சேர்த்ததைக் கக்கிவிடும். பின்னால் அம்மோனியாவை எரிக்கும் பிளாட்டினம் பட்டை நன்றாக இருந்தால் வாடை வராது. அது தேய்ந்திருந்தால் வரும். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த ஒரு வண்டியின் பின்னால் நின்று பார்த்தேன். விடியற்காலையில் கட்டுத்தரைக்குள் நுழைந்தது போலச் சுள்ளென்று மூக்கில் ஏறியது. டிரைவர், "எங்கியோ மாடு கட்டியிருக்காங்கண்ணா" என்றார். சுற்றிலும் ஒரு சாளைகூட இல்லை.

கந்தகம் இதற்கு ஆகாது. செம்பின் மேல் சல்பேட் படிந்து குளிர்ச்சூட்டு வேலையைக் கெடுக்கும். 500 டிகிரிக்கு மேல் ஏற்றினால் பெரும்பாலும் திரும்பி வரும். டிபிஎஃப் உள்ள வண்டியில் கரி எரிக்கும்போதே இதுவும் நடந்துவிடுகிறது. டிபிஎஃப் இல்லாத வண்டியில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? கூடவே, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடையும் இது உண்டாக்கும். பருவநிலைக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 270 மடங்கு கனம். லாரி முதலாளிக்கு அதில் தனிச் செலவு இல்லை என்பதால் யாரும் பேசுவதில்லை.

இரும்பு ஜியோலைட்

செம்புக்குப் பங்காளி, குணம் வேறு. 350-க்கு மேலேதான் முகம் மலரும், 500, 550-லும் சளைக்காது. கந்தகத்தைச் செம்பைவிடப் பொறுத்துக்கொள்ளும், நைட்ரஸ் ஆக்சைடும் குறைவு. ஆனால் குறைந்த சூட்டில் வேலை செய்ய வேண்டுமானால், புகையில் உள்ள ஆக்சைடில் சரிபாதி நைட்ரஜன் டையாக்சைடாக இருக்க வேண்டும். இன்ஜினில் இருந்து வருவது பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடுதான். அதை மாற்ற முன்னால் பிளாட்டினம் போட்ட டிஓசி (புகையை ஆக்சிஜனேற்றும் கேட்டலிஸ்ட்) தேவை. அப்படியென்றால் நீங்கள் வாங்குவது இரும்பு மட்டும் இல்லை, இரும்பும் பிளாட்டினமும். அந்த டிஓசி தளர்ந்த அன்றே இரும்பும் தளரும். விலை கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

யூரியா வேண்டாத வழிகள்

கேஸ் இன்ஜினுக்கு த்ரீ வே கேட்டலிஸ்ட். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் சேர்ந்தது. நைட்ரஜன் ஆக்சைடை உடைப்பது முக்கியமாக ரோடியம். யூரியா டேங்க் இல்லை, பம்ப் இல்லை. ஆனால் காற்றும் கேஸும் கச்சிதமான விகிதத்தில் எரிய வேண்டும். புகையில் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் சற்றுப் பிசகிக் காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே போகும்.

இங்கேதான் திருப்பூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். "கேஸ் ஜெனரேட்டர்" என்று ஒரே பெயரில் இரண்டு ஜாதி விற்கிறது. ஒன்று சரிவிகிதத்தில் எரிவது, அதற்கு த்ரீ வே பொருந்தும். இன்னொன்று காற்றை அதிகம் விட்டு எரிப்பது. கேஸ் குறைவாகக் குடிக்கும், இன்ஜினிலேயே ஆக்சைடு குறைவு. ஆனால் அதற்கு த்ரீ வே மாட்டினால் நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தில் அது வெறும் அலங்காரம். விலைப்பட்டியலில் எது என்று எழுதி வாங்குங்கள்.

சின்ன டீசல் கார்களில் பேரியம் போட்ட பொறி ஒன்று உண்டு. ஆக்சைடை நைட்ரேட்டாகப் பிடித்து வைத்து, அவ்வப்போது டீசலைக் கூடுதலாக விட்டு உடைக்கும். 2015-ல் உலகமே பேசிய ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தில் சிக்கிய கார்கள் சிலவற்றில் இருந்தது இதுதான். லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் இது சம்பந்தமில்லாத சரக்கு, விட்டுவிடலாம்.

பாய்லருக்குக் கேட்டலிஸ்டே இல்லாத முறை இருக்கிறது. 850 முதல் 1,100 டிகிரி வரை சூடுள்ள உலைப் பகுதியிலேயே யூரியாவைப் பீய்ச்சுவது. பாதிக்குப் பாதி குறைந்தால் நல்ல பலன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பார்வையில்

| வகை | வேலை செய்யும் சூடு (டிகிரி) | கந்தகம் | எதில் கெடும் | யாருக்கு |
|---|---|---|---|---|
| வனேடியம் | 300–450 | நன்றாகத் தாங்கும் | 550-க்கு மேல் சூடு, பொட்டாசியம், சோடியம் | டிபிஎஃப் இல்லாத, தொடர்ந்து லோடு இழுக்கும் இன்ஜின் |
| செம்பு ஜியோலைட் | 200–450 | ஆகாது, எரித்து மீட்கலாம் | கந்தக டீசல், கலப்பட யூரியா | பிஎஸ் 6 வண்டி, நின்று நின்று ஓடும் வேலை |
| இரும்பு ஜியோலைட் | 350–550 | ஓரளவு தாங்கும் | முன்னால் உள்ள டிஓசி தளர்ந்தால் | எப்போதும் சூடாக ஓடும் இன்ஜின் |
| த்ரீ வே | 400-க்கு மேல் | குறைந்த கந்தகம் வேண்டும் | லாம்டா பிசகினால், ஆயில் எரிந்தால் | சரிவிகித கேஸ் இன்ஜின் |
| கேட்டலிஸ்ட் இல்லா யூரியா | 850–1,100 | கவலை இல்லை | சூடு அந்த எல்லைக்குள் நிற்காவிட்டால் | விறகு, உமி எரிக்கும் பாய்லர் |

யூரியா என்னும் உள்செலவு

லாரி மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் 2,000 லிட்டர் டீசல். அதில் 5 சதவீதம் யூரியா கரைசல் என்று போட்டால் 100 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் வைத்தாலும் மாதம் 6,000 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கத்தான் காட்டுக்குப் போடும் யூரியா மூட்டையைப் பிரிக்கிறார்கள்.

கணக்கு ஆசை காட்டும். 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 125 லிட்டர் கலக்கலாம். மானிய விலையில் மூட்டை 300 ரூபாய்கூட இல்லை. ஆனால் 2015-ல் இருந்து உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அந்த எண்ணெயும் உரத்தில் இருக்கும் மற்ற அழுக்கும் யூரியாவைப் பீய்ச்சும் டோசரின் நுனியில் கருகும். அடுத்தது நம் போர் தண்ணீர். எங்கள் பட்டறைத் தண்ணீரில் உப்பு மீட்டரை விட்டால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. கெட்டிலில் படியும் அதே சுண்ணாம்பு கேட்டலிஸ்ட் துளையிலும் படியும், அங்கே எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்க முடியாது. மானிய உரத்தை வண்டிக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம் என்பது தனி.

நல்ல கரைசலையும் நாமே கெடுக்கிறோம். 25 டிகிரியில் வைத்தால் 18 மாதம் வரும் சரக்கு, 35 டிகிரியில் 6 மாதம்தான். சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகைக்குள் 35 எல்லாம் காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். ஆஃபரில் கிடைத்தது என்று வருஷத்துக்கும் சேர்த்து பக்கெட் அடுக்குகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் 32.5-ஐக் கோடு தொடுகிறதா என்று தெரிந்துவிடும். கலந்த தண்ணீரின் தரத்தை அது காட்டாது, அளவைத்தான் காட்டும்.

முட்டை லாரிக்கு

வண்டியை வரச்சொல்லி டோசரைக் கழற்றினேன். நுனியில் பாகு உறைந்த மாதிரி வெள்ளைக் கட்டி. உள்ளே கலக்கியின் இறக்கைகளை மூடி, கற்கண்டுப் பாறை போல உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. திருகாணி முனையால் தட்டினால் சீனிப் பாத்திரத்தில் தட்டுகிற சத்தம். வெந்நீரில் போட்டதும் ஓரம் கரைந்தது, நடுவில் இருந்தது கரையவில்லை. குறைந்த சூட்டில் யூரியா முழுதாகப் பிரியாமல் சயனூரிக் அமிலமாக இறுகினால் இப்படித்தான் ஆகும், சூட்டில்தான் போகும். தேன்கூடு பின்னால் முழுசாக இருந்தது. ஓர் ஓட்டை அடையவில்லை, ஒரு பொரி கருகவில்லை. பெட்டி போகவே இல்லை. போனது என்று சொல்லி விற்க வந்தவர்தான் இருந்தார்.

ஸ்கேனரைப் போட்டு ஒரு வாரம் ஓட விட்டோம். நாமக்கல்லில் இருந்து வாளையாறு வரை லோடோடு போகும்போது 300-க்கு மேல் நின்றது. பாலக்காடு தாண்டிக் கடை கடையாக இறக்கும்போது 180, 190. காலித் தட்டோடு திரும்பும்போதும் பெரிதாக ஏறவில்லை. இந்த ஓட்டத்துக்குச் செம்புதான் தகுந்தது, அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் இந்த வண்டியின் கம்ப்யூட்டர் வனேடியத்துக்குக் கணக்குப் போட்டு யூரியா விடுகிறது. செம்பு எவ்வளவு அம்மோனியாவைச் சேர்த்து வைக்கும் என்று அதற்குத் தெரியாது. டிபிஎஃப் இல்லாததால் கந்தகத்தை எரிக்க வழியும் இல்லை. இருப்பதையே கழுவி மாட்டினோம். வாரம் ஒரு தரம் தொப்பூர் பக்கம் லோடு கிடைத்தால் ஒத்துக்கொள்ளச் சொன்னேன், அந்த ஏற்றத்தில் மிச்சக் கட்டியும் எரியும். அடுத்த வண்டி வாங்கும்போது பிஎஸ் 6-ல் செம்பு தானாகவே வரும்.

எஸ்சிஆரைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் எமுலேட்டர் பற்றியும் கேட்டார். என் பட்டறையில் அதைச் செய்வதில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

திருப்பூர் ஜெனரேட்டருக்கு

அவர் மனதில் இருந்தது 250 கேவிஏ. ஏன் என்றால், 2012 மின்வெட்டுக் காலத்தில் பட்ட பாடு. அன்றைக்கு நாள் பாதி கரண்ட் இல்லை, பெரிய செட் போட்டவன் பிழைத்தான். இன்றைக்குக் கரண்ட் போவது வாரத்தில் ஓரிரு முறை, இருபது நிமிஷம். லோடு நாற்பது சதவீதம்கூட வருவதில்லை. அந்த இருபது நிமிஷத்தில் புகை சூடாகி யூரியா விடும் நிலைக்கு வருவதற்குள் கரண்ட் வந்துவிடும். லட்சங்கள் கொடுத்து வாங்கிய கேட்டலிஸ்ட் பச்சைத் தண்ணீராகவே கிடக்கும், பாதி வெந்த யூரியா கட்டி தட்டும். சென்சார் கோளாறு காட்டி இழுவை குறைவதும் இப்படித்தான்.

மூன்று வழி சொன்னேன். தேவைக்கு நெருக்கமான அளவில் டீசல் செட் வாங்கி 60, 70 சதவீத லோடில் ஓட்டுவது ஒன்று. பைப் கேஸ் தெருவுக்கு வந்துவிட்டது, தினமும் மணிக்கணக்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சரிவிகித கேஸ் இன்ஜின், த்ரீ வேயோடு. நெருக்கடிக்கு மட்டும் என்றால் கேஸ் லைனில் பிரஷர் விழும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை விற்பனைக்காரர் சொல்ல மாட்டார்: 56 கிலோவாட்டுக்குக் கீழ்ப்பட்ட இன்ஜினுக்கு, 19-க்கு மேல், நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்து 4.7 கிராம் வரை விடுகிறார்கள். அந்த அளவில் இரண்டு செட் வாங்கி ஒத்திசைத்து ஓட்டினால் யூரியா வேலையே பெரும்பாலும் இல்லை. இரண்டு இன்ஜின் பராமரிப்பு, ஒத்திசைக்கும் பேனல் என்று செலவு வேறு பக்கம் வரும். காற்றுக்கு இது நல்லதா என்று கேட்டால், சட்டத்துக்கு நல்லது என்றுதான் சொல்வேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், எனக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது.

பங்காளியின் சாயப்பட்டறை பாய்லருக்கு எஸ்சிஆர் வேண்டவே வேண்டாம். எரிப்பது விறகும் தேங்காய்த் தொட்டியும். அந்தச் சாம்பலில் பொட்டாசியம் நிறைய, வனேடியத்துக்கு அது நேரடி விஷம். சாம்பலை வடிகட்டிய பிறகு வைக்கலாம் என்றால், பைப் அந்த இடத்துக்கு வரும்போது புகை 150 டிகிரி. மறுபடி சூடேற்ற எரிபொருள் யார் கொடுப்பது? உலைக்குள் யூரியா பீய்ச்சும் முறையே போதும், அதற்கும் முன்னால் காற்று விடுவதைச் சீர்படுத்தினால் பாதி வேலை முடியும். "போர்டு கேக்கறப்ப பாத்துக்கலாமுங்க" என்றார் பங்காளி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைச் சொல்கிறார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வாரத்தில் நொய்யல் கரையில் இருந்த எவரும் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டார்கள். இவர் அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர்.

ரிக்குக்கு

இதுதான் மூன்றிலும் ருசியான கேள்வி. கம்ப்ரசர் இன்ஜின் ஓடத் தொடங்கினால் முழு லோடுதான், பாறையில் 700 அடி இறங்கும் வரை மூச்சு விடாது. சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. இந்த ஊர் டீசலில் ஓடும் ரிக் என்றால் இரும்பு ஜியோலைட்டை யோசிக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் ஆப்பிரிக்காவில் பல நாட்டு டீசலில் கந்தகம் நம்முடையதைவிட எத்தனையோ மடங்கு. செம்பு ஒரு மாதத்தில் படுத்துவிடும். இரும்புக்கு முன்னால் வேண்டிய பிளாட்டினம் டிஓசி, அந்தக் கந்தகத்தைச் சல்பேட் புகையாக மாற்றி வேறு வம்பு இழுக்கும். டிபிஎஃப் இல்லை. ஆக, எல்லோரும் பழசு என்று ஒதுக்குகிற வனேடியம்தான் இங்கே மாப்பிள்ளை.

இரண்டு நிபந்தனை. குழாய்ச் சூடு 550-க்குக் கீழே நிற்க வேண்டும், அதனால் பெட்டியை டர்போவை ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். 300-க்கும் கீழே போகக் கூடாது, அதனால் வெகு தூரமும் தள்ளக் கூடாது. பைப் மாற்றும் நேரத்தில் இன்ஜின் சும்மா ஓடும்போது யூரியாவை நிறுத்தும்படி டோசிங் இருக்க வேண்டும். அங்கே கரைசல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "டிரம்முல இங்கிருந்தே அனுப்பிப்போடலாமுங்க" என்றார். கப்பலில் ஒன்றரை மாதம், துறைமுகக் கன்டெய்னர் வெயில் வேறு. ஆறு மாதக் கணக்கை அங்கிருந்து எண்ணச் சொன்னேன்.

எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது என்பதை வாயால் சொல்ல முடியாது. டர்போ வாயில் ஒன்று, மூன்றடி தள்ளி ஒன்று என இரண்டு தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) மாட்டி, அடுத்து போர் போடும் இடத்தில் முழு நாள் ஓட்டி ரீடிங் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ரிக் இப்போது தாராபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிற்கிறது. 400 அடியில் தண்ணீர் வந்துவிட்டதாம், தோப்புக்காரர் போதும் என்று நிறுத்திவிட்டார். ரீடிங் பாதி நாளைக்குத்தான் கிடைத்தது: டர்போ வாயில் 520, மூன்றடி தள்ளி 470.